எல்லைக்கோட்டில் நின்ற செவ்வாய்

பொருத்தம் பார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, அம்மணிகளே, செவ்வாய் தோஷம் பார்ப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. லக்னத்திலிருந்து இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணுவதும், அதற்கான விலக்குகளும் என்னைவிட உங்கள் மடிக்கணினிக்கு நன்றாகத் தெரியும். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது கட்டம் போட்டு, தோஷத்துக்குச் சிவப்பு வண்ணமும் அடித்துக் காட்டிவிடுகிறது. அதனால்தான் துடியலூரில் பேக்கரி மாடியில் இருந்த என் அறையைக் காலி செய்துவிட்டு, ஐம்பத்தாறு வயதிலேயே வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இதை ஓய்வு என்று என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை. "முன்னெல்லாம் காசு வாங்கிட்டுப் பேசுனீங்க, இப்பச் சும்மா பேசறீங்க. அவ்வளவுதானுங்களே வித்தியாசம்" என்கிறாள்.

மடிக்கணினிக்குத் தெரியாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். கட்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு பயந்து நடுங்குவது எப்படி என்பது. அதில் எனக்கு ஆழ்ந்த புலமை உண்டு. பயம் வந்தால் எனக்கு ஏப்பம் வரும், கழுத்தில் வியர்க்கும், யாரும் கேட்காமலேயே சமஸ்கிருதம் வரும். மூன்றும் ஒன்றாக வந்து நின்ற ஒரு புதன்கிழமை உண்டு. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு.

அதற்கு ஒரு மாதம் முன்பு, சூலூரிலிருந்து மரகதம் என்ற அம்மா தனியாகப் பஸ் ஏறி என் அறைக்கு வந்திருந்தார். கணவர் இல்லை. மகன் கார்த்தி விசைத்தறி வைத்திருக்கிறான். கோபிப் பக்கத்துப் பெண் நிவேதா, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டு பேரும் பேசிப் பார்த்துப் பிடித்துப்போய், அதற்கப்புறம்தான் ஜாதகமே கைமாறியிருந்தது. இப்போதெல்லாம் நம்மிடம் வருவது முடிவு கேட்க அல்ல, கையெழுத்து வாங்கத்தான் என்பது உங்களுக்கும் தெரிந்ததே.

பையன் ஜாதகம் சுத்தம். பெண் ஜாதகத்தில்தான் சிக்கல். நம் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு. பழைய சூத்திரங்களின்படி கணக்கிடுவது வாக்கியம். வானத்தில் கிரகம் இன்று எங்கே தெரிகிறதோ அதை ஒட்டிக் கணக்கிடுவது திருக்கணிதம். நிவேதாவின் செவ்வாய் வாக்கியத்தில் ஆறாம் வீட்டின் கடைசியில் நின்றது. அங்கே இருந்தால் தோஷமில்லை. திருக்கணிதத்தில் எல்லையைத் தாண்டி ஏழாம் வீட்டுக்குள் ஒரு காலை வைத்திருந்தது. ஏழு என்றால் தோஷம். ஒருவருக்கு அது இருந்து மற்றவருக்கு இல்லாவிட்டால், இல்லாதவரின் உயிருக்கு ஆகாது என்பது ஊர் நம்பிக்கை.

இரண்டையும் அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"பையனுக்குப் புடிச்சுப்போச்சுங்க. புள்ளையும் நல்ல புள்ளை. பொருந்துதுன்னு எழுதிக் குடுத்துருங்க."

"எழுதறேனுங்க. ஆனா எல்லைல நிக்குதுன்னு உங்கூட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"எந்தம்பி நடராஜ்தானுங்க எல்லாத்துக்கும் முன்னால நிக்கறவன். அவங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

எழுந்து வாசல் வரை போனவர், திரும்பி, "எனக்கும் ஏழுலதானுங்க செவ்வாய்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஊர் அவரை என்னவென்று பேசியிருக்கும் என்பதை ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

பெண் வீட்டிலும் சொன்னேன். அவர்கள் பரம்பரை வாக்கியக்காரர்கள். "எங்க பஞ்சாங்கத்துல இல்லீங்களே, அப்பறம் என்ன?" என்று நிவேதாவின் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்த இடங்களில் எல்லாம் பிற்பாடு எனக்குக் கஷ்டம் வந்திருக்கிறது.

உப்புச்சர்க்கரை மாற்றுவது அந்தப் புதன்கிழமை. இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. கல்யாணத் தேதியை எழுதிப் படிக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்தரைக்குள் மாற்றிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கார்கள் வந்து சேர்ந்து, போட்டோக்காரர் எல்லோரையும் மூன்று கோணத்தில் நிற்கவைத்து முடித்தபோது பத்தே கால். தட்டைத் தூக்கும் நேரத்தில் நடராஜ் எழுந்தார். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, கையில் போன். நம்பியூர் தாண்டும்போது காரில் இருந்த யாரோ பொழுதுபோகாமல் பெண்ணின் பிறந்த விவரத்தை ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதில் இருந்த சிவப்பை அவர் சபைக்குத் தூக்கிக் காட்டினார்.

"ஏனுங்க ஜோசியரே, இது என்னங்க? ஏழுல செவ்வாய்னு போட்டிருக்குது. நீங்க தோசமில்லைன்னு எழுதியிருக்கறீங்க?"

நிவேதாவின் அப்பா வாக்கியம் என்றார். நடராஜ் திருக்கணிதம் என்றார். பின்வரிசையில் ஒருவர் எந்தப் பஞ்சாங்கமும் தெரியாமலே, "அதெப்படீங்க?" என்றார். கார்த்தி, "மாமா, எனக்கு அதுல எல்லாம்..." என்று தொடங்க, "நீ சும்மா இரு கண்ணு, உசுரு உன்றது" என்றார் நடராஜ். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்ததை நான் கவனித்தேன். மிரட்ட வந்த ஆளுக்குக் குரல் உடையாது.

அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அக்கா தம்பியிடம் சொல்லவில்லை.

என் நாக்கின் நுனியில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. "உங்க அக்காகிட்ட அன்னிக்கே சொல்லிப்போட்டேனுங்க." அவ்வளவுதான். சொன்னால் நான் தப்பித்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது மரகதம் அம்மா கண்ணில் பட்டார். கணவரை இழந்தவர் என்பதால் தட்டுகளிலிருந்து விலகி, தூணோரமாக உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். நான் அதைச் சொன்னால் சபை முழுக்க அந்தத் தூண் பக்கம் திரும்பும். தன்னைப் போலவே ஒருத்தியைத் தெரிந்தே கூட்டிவந்திருக்கிறாள் என்று பேசும்.

அந்த வரியை விழுங்கினேன். திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல், நவக்கிரக சுலோகம் ஒன்றைச் சத்தமாகச் சொன்னேன். நடுவில் ஏப்பம் வேறு. பக்தி என்று நினைத்து நாலைந்து பேர் கும்பிட்டார்கள்.

ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். என் செருப்பின் மேல் இரு வீட்டுச் செருப்புகளும் குவிந்து கிடந்தன. என்னைக் காப்பாற்றியது சுவர்க் கடிகாரம். மணி பத்தரை.

"எல்லாரும் ஒரு நிமிசம் இருங்க. குளிகை பொறந்துருச்சு. குளிகைல எது செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்குமுங்க. இப்ப உப்புச்சக்கரை மாத்துனா, இந்தப் புள்ளைக்கு இன்னொருக்கா மாத்த வேண்டி வரும். சண்டை போட்டா, அது பேரன் பேத்தி எடுக்கற வரைக்கும் ஓடும். அதுக்கப்பறம் ராகுகாலம். ஒன்றரைக்கு மேலதான் எதுவும்."

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப டிபன் சாப்பிடலாமுங்களா?"

"தாராளமா. அது திரும்பத் திரும்ப நடந்தா நல்லதுதானுங்களே."

இது தந்திரம் என்று நீங்கள் நினைக்கலாம். புதன்கிழமை பத்தரைக்குக் குளிகைதான், பார்த்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லவில்லை, உண்மையை அவசரத்துக்கு எடுத்துக்கொண்டேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், பதில் தெரியாதபோது நேரம் வாங்கு, வாங்கிய நேரத்தில் கட்டத்தைப் பார்க்காதே, ஆட்களைப் பார் என்பார். அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. என் பலன்கள் தவறும்போது பழி தன் மேல் வரும் என்ற பயம்.

ஆட்களைப் பார்க்கத்தான் பின்கட்டுக்குப் போனேன் என்று எழுத ஆசை. உண்மையில் கழுத்து வியர்வையைக் கழுவத்தான் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மரகதம் அம்மா நின்றிருந்தார்.

"என்னைக் காட்டிக் குடுக்காம உட்டீங்க" என்றார்.

"தம்பிகிட்ட ஏனுங்கம்மா சொல்லல?"

அவர் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவுங்கப்பா போனப்ப கார்த்தி நாலாவது படிச்சிட்டிருந்தான். அன்னிக்குக் காலையில நெஞ்சை அடைக்குதுன்னாரு. வாயுன்னு நெனச்சோம். நடராஜு அப்பச் சின்னப் பையன், எங்க தறியிலதான் இருந்தான். மச்சானுக்குன்னு ஓடிப்போய் ஒரு சோடா வாங்கியாந்தான். குடிச்சாரு. ஏப்பம் உட்டாரு. சரியாப்போச்சுன்னு தறிக்குப் போயிட்டாரு. மத்தியானம் சோத்துக்குக் கூப்புடப் போனா, தறி ஓடிட்டே இருக்குது, ஆளு கீழ கெடக்கறாரு."

எனக்கு வந்த ஏப்பத்தை அப்படியே அடக்கிக்கொண்டேன்.

"எழவுக்கு வந்தவங்க எல்லாரும் எஞ் செவ்வாயைத்தான் சொன்னாங்க. அவனும் சொன்னான். இன்னைக்கும் அதைத்தான் நம்பறான். நான் ஒண்ணும் சொல்லலீங்க. செவ்வாய் இல்லைன்னா, அப்பறம் அவன் வாங்கியாந்த அந்தச் சோடாதானுங்களே."

தம்பிகளே, அம்மணிகளே, நான் ஆயிரக்கணக்கில் கட்டம் பார்த்திருக்கிறேன். செவ்வாயால் பயந்தவர்களை, செவ்வாயைச் சொல்லித் தப்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவருக்காகச் செவ்வாயைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நடந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வாக்கியந்தான் சரி, போன்ல வர்றது தப்புன்னு. நீங்க சொன்னாக் கேட்டுக்குவான். எல்லாரும் நிம்மதியா ஊட்டுக்குப் போலாம்."

உடனே ஒப்புக்கொண்டேன். இதைவிடச் சுலபமான வழி எனக்கும் தோன்றியிருக்காது. ஒரு பொய், ஒரு விருந்து, துடியலூர் பஸ். "சொல்லிப்போடறேனுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சமையல்கட்டுக் கதவு திறந்தது. பட்டுச்சேலையோடு நிவேதா, கையில் எனக்கு ஒரு டம்ளர் மோர். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, நெட்ல பாத்தேனுங்க. ஏழுல செவ்வாய் இருந்தா..." நிறுத்தினாள். "என்னால அவுருக்கு ஏதாச்சும் ஆயிருமாங்க?"

எதற்கும் ஒரு கிண்டல் கையிருப்பில் வைத்திருப்பவன் நான். அன்று தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. வாக்கியம் சரி என்று இவளிடம் சொல்லலாம். சபையிலும் சொல்லலாம். நாளைக்குக் கார்த்திக்கு ஒரு காய்ச்சல் வந்தால், இவளே அந்த ஆப்பைத் திறந்து பார்ப்பாள். ராத்திரி பகல் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பாள். மோர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றேன். நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம் அது என்று இப்போது தோன்றுகிறது. நான் பேசியிருந்தால் மரகதம் அம்மா பேசியிருக்க மாட்டார்.

அவர் நிவேதாவின் அருகில் வந்து, அவள் தோளில் இருந்த மல்லிகைச் சரத்தைச் சரிசெய்தார். "ஒண்ணும் ஆகாது கண்ணு. நீ உள்ள போ." அவள் போனதும் என்னைப் பார்த்தார். "நான் தூக்குனதை இந்தப் புள்ளையுந் தூக்கோணுமுங்களா?"

கேட்டுவிட்டு, முன்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்: "தம்பி, ஒருக்கா இங்க வந்துட்டுப் போ."

நான் மோட்டார் ரூம் பக்கம் ஒதுங்கினேன். கேட்கக் கூடாது என்றுதான். கேட்கவும் இல்லை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நடராஜ் முதலில் கையை ஆட்டிப் பேசினார். அக்கா ஏதோ சொன்னார். கை நின்றது. இன்னும் ஏதோ சொன்னார். அந்த உயரமான மனிதர் தொட்டி மேட்டில், சலவை வேட்டி நனைவதைப் பார்க்காமல், உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர் குடிக்காமல் முகத்தில் ஊற்றிக்கொண்டார்.

ஒன்றரைக்குச் சபை மறுபடியும் கூடியது. நடராஜ் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. போன் கையில் இல்லை.

"ஜோசியரே, ஒண்ணு மட்டும் கேக்கறேன். எந்தப் பஞ்சாங்கம் சரி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரகதம் அம்மாவும் பார்த்தார், இந்தத் தடவை தலை நிமிர்ந்து. கழுத்து மறுபடி வியர்த்தது.

"எனக்குத் தெரியலீங்க. செவ்வாய் எல்லைல நிக்குது. அந்தப் பக்கம்னு சொல்றதுக்கும் ஆளிருக்குது, இந்தப் பக்கம்னு சொல்றதுக்கும் ஆளிருக்குது. எந்தப் பக்கம் நின்னாலும், அதுக்காக ஒருத்தர் சாவாங்கன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேனுங்க."

"தெரியாதுன்னு ஒரு ஜோசியர் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றார் நடராஜ். சபையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "கார்த்தி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நெஞ்சு வலிச்சா சோடாக் குடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகோணும். உடனே போகோணும். நிவேதா, நீயுங் கேட்டுக்க அம்மணி. இவன் வாயுன்னு சொல்லுவான். உடாத."

நல்ல நாளில் இதென்ன பேச்சு என்று ஒரு பெரியம்மா முணுமுணுத்தார். சபையில் அது புரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான். நடராஜ் தூண் பக்கம் போய், அக்காவைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்து தட்டுக்கு முன்னால் உட்காரவைத்தார். யாரோ "அதெப்படீங்க" என்று தொடங்கினார்கள். "நேரமாகுதுங்க" என்றேன் நான், பஞ்சாங்கத்தின் முழு அதிகாரத்தோடு. மரகதம் அம்மாவின் கையாலேயே சர்க்கரைத் தட்டு மாறியது.

இதில் பாடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். அதற்கப்புறம் என்னிடம் செவ்வாய் என்று பதறிக்கொண்டு யார் வந்தாலும், கட்டத்தைத் திறப்பதற்கு முன், "உங்கூட்டுல யாருங்க போனது, எப்படிப் போனாங்க?" என்று கேட்பேன். பாதிப்பேர் அதைச் சொல்லி முடித்து, அழுது, கட்டத்தைத் திறக்கச் சொல்லாமலே எழுந்து போனார்கள். வருமானம் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்றைய என் கதை இன்னும் முடியவில்லை. பந்திக்குப் போகும் வழியில், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஏப்பங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நெஞ்சுக்குழியில் கூட்டம் போட்டன. பரிமாறுகிறவர் தட்டில் சோடா பாட்டில்கள் இருந்தன. பழக்கத்தில் ஒன்றை எடுத்தேன். வாயில் வைப்பதற்குள் ஒரு பெரிய கை அதைப் பிடுங்கியது.

"நெஞ்சு என்னமோ பண்ணுதுங்களா?" நடராஜின் முகம் வெளுத்திருந்தது.

"இல்லீங்க, இது பயமுங்க. எனக்கு எப்பவும் இப்படித்தான்."

"அவரும் அப்படித்தாஞ் சொன்னாரு. வண்டில ஏறுங்க."

இலை போட்டு, பருப்புக்கு நெய் ஊற்றும் நேரத்தில், ஒரு ஜோசியரைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு கோபி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார் மாப்பிள்ளையின் தாய்மாமன். வழியில் ஒன்றே ஒன்று பேசினார். "இத்தனை வருசமா அக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க." கொஞ்சம் கழித்து, "நானுங் கேக்கலீங்க" என்றார்.

மார்பில் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்த பெண், "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்குது. வாயுவா இருக்கும்" என்றாள். நடராஜ் அவளை நம்பவில்லை. டாக்டரையும் பார்த்து, அவர் வாயாலும் ஒன்றுமில்லை என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார். அந்த நீளத் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏறி இறங்கும் கோடுகளை விரலால் கடைசி வரை தொடர்ந்தார்.

"ஏனுங்க ஜோசியரே, இதுல செவ்வாய் எங்கீங்க இருக்குது?"

"இதுல இல்லீங்க."

தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "அப்பச் சரி. வாங்க, பந்தி முடியறதுக்குள்ள போயிறலாம்."